மடிக்காத இலை

மருதி என்ற சருகுமானும் பூளை என்ற முயலும் பெருவனத்துக்குச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தன. விடிந்ததும் கிளம்பியவை. இப்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

பூளையின் வயிற்றில் குட்டிகள் இருந்தன. மூன்றா நான்கா என்று அதற்கே தெரியாது. அவை வசித்த முட்புதர்க் காட்டில் அந்தக் கோடையில் புல்லெல்லாம் காய்ந்து சருகாகிவிட்டது. அதைப் பார்த்தாலே பூளைக்குக் குமட்டியது.

"வாய்க்கு ருசியா ஒரு வேளை சாப்பிடணும், மருதி. ஒரே ஒரு வேளை! அப்புறம் குட்டி போடுற வரைக்கும் அந்தக் காய்ஞ்ச புல்லையே தின்னுட்டுக் கிடக்கிறேன்."

"அதுக்குத்தானே கூட்டிட்டுப் போறேன். பேசாம நட!"

பெருவனத்தின் நடுவில் ஏழு பாதைகள் வந்து சேரும் ஓர் இடம் உண்டு. சுற்றுவட்டாரக் காட்டு விலங்குகளுக்கு அதுதான் பெரிய பட்டணம். மரத்துக்கு மரம் சாப்பாட்டுக் கடை. கொக்கு மீன் விற்கும். எருமை தயிர் விற்கும். கரடி தேனில் பிசைந்த தினைமாவு விற்கும். எந்நேரமும் கூட்டம்தான்.

ஆனால் மருதி எல்லாக் கடையிலும் சாப்பிடாது. இலை, காய், கனி, கிழங்கு இவை மட்டும்தான் அதற்கு ஆகும். இன்னோர் உயிரிடமிருந்து எடுத்த எதையும், அது பாலாக இருந்தாலும் தேனாக இருந்தாலும், வாயில் வைக்காது. பூளையும் அப்படித்தான். அவர்களைப் போன்றவர்களுக்காகவே பட்டணத்தில் சில கடைகள் இருந்தன. அந்தக் கடைகளின் வாசலில் பச்சைக் கொடியால் தோரணம் கட்டியிருக்கும்.

பச்சைத் தோரணக் கடைகளுக்கு இரண்டு முறைகள் உண்டு. தேக்கிலையில்தான் பரிமாறுவார்கள், சாப்பிட்டு முடித்தவர் தம் இலையைத் தம் பக்கமாக மடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். இது ஒன்று. பரிமாறும் பண்டத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால், பரிமாறுபவரே அந்த இலையின் முன்னால், அதே இடத்தில் உட்கார்ந்து முதல் வாய் உண்டு காட்ட வேண்டும். அதுவரை அந்தப் பண்டத்தை யாரும் தொடக்கூடாது. இது இன்னொன்று.

இந்த இரண்டாவது முறையை மருதியைப் போல் அதிகம் பயன்படுத்தியவர் யாருமில்லை. 'கேள்விக்காரி' என்று பட்டணத்தில் அதற்கு ஒரு பெயரே இருந்தது. உயரம் என்னவோ முயலைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கால்கள் நான்கும் ஈர்க்குச்சி. ஆனால் அது மூன்று கேள்விகள் கேட்கத் தொடங்கினால் கரடியும் தடுமாறும்.

அன்றும் கரடி தடுமாறியது.

"வாங்க, வாங்க! தினைமாவு உருண்டை! இப்பத்தான் பிடிச்சது!"

"பால் உண்டா? முட்டை உண்டா? தேன் உண்டா?" என்று கேட்டது மருதி.

"தேன் இல்லாம தினைமாவா? ஒரு துளிதான் சேர்த்திருக்கேன்!"

"அந்த ஒரு துளிக்கு எத்தனை தேனீ அலைஞ்சதோ?"

"அதைத் தேனீகிட்டப் போய்க் கேளு! சாப்பிட வந்தியா, விசாரணை பண்ண வந்தியா?" என்று கத்தியது கரடி.

பூளை மருதியை இழுத்துக்கொண்டு நடந்தது. "நீ இப்படியே ஒவ்வொரு கடையா கேட்டுக்கிட்டுப் போனா, எனக்கு நடுத்தெருவிலேயே பிரசவம் ஆயிடும்!"

அப்போதுதான் அந்த மணம் வந்தது.

புனுகு மணம். அதற்குள்ளே வெந்த கிழங்கின் மணமும், இலுப்பைப் பூவின் இனிப்பு மணமும் கலந்திருந்தன. மணத்தின் பின்னாலேயே போனார்கள். ஒரு பெரிய பாறை. அதன் முன்னே தேக்கு மரங்களின் நிழலில் விலங்குகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. வாசலில் பச்சைத் தோரணம் புதிதாகத் தொங்கியது.

பாறையின் மேல் ஒரு குருவிகூட உட்கார்ந்திருக்கவில்லை. மருதி அதைப் பார்த்தது. பார்த்தது, அவ்வளவுதான். சாப்பாட்டைப் பற்றி யோசிப்பவர்கள் குருவியைப் பற்றி யோசிப்பதில்லை.

"வரணும், வரணும்! எத்தனை பேர்?"

வாசலில் நின்றது ஒரு புனுகுப்பூனை. சவ்வாது என்பது அதன் பெயர். கடைக்கு அதுதான் பொறுப்பு. அது அசையும்போதெல்லாம் புனுகு மணம் வீசியது.

"இரண்டு பேர்" என்றது மருதி. "அதுக்கு முன்னாடி எனக்குச் சில கேள்வி இருக்கு."

"கேள்விக்காரி மருதிதானே? உன் பேர் தெரியாதவங்க இந்தப் பட்டணத்தில் உண்டா? கேளு தாயி!"

"பால் உண்டா?"

"சத்தியமா இல்லை."

"முட்டை?"

"கிட்டவே சேர்க்கிறதில்லை."

"தேன்?"

"இனிப்புக்கு இலுப்பைப் பூதான். சந்தேகம்னா அடுக்களைக்கே வந்து பாரு!"

மருதி போய்ப் பார்த்தது. இரண்டு மலையணில்கள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தன. சட்டிகள் பளிச்சென்று இருந்தன. ஒவ்வொரு சட்டியாக மூடியைத் திறந்து முகர்ந்தது. புனுகு மணம் மூக்கை அடைத்தாலும், விடாமல் கிளறிக் கிளறிப் பார்த்தது. மூங்கில் குருத்து, மூங்கில் குருத்துதான். நெல்லிக்காய், நெல்லிக்காய்தான். ஒரு குறையும் இல்லை.

வெளியே வந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது. "சுத்தமான கடை! நம்பிச் சாப்பிடலாம்!"

வாசலில் தயங்கி நின்றிருந்த ஒரு கிழட்டுக் கேளையாடு, அதாவது குரைக்கும் மான், அதைக் கேட்டது. அதற்கு ஒரு கால் ஊனம். நொண்டிக்கொண்டே மருதியின் அருகில் வந்தது.

"நீ பார்த்துச் சொல்லிட்டா சரிதான்மா. எனக்கு மூக்கு முன்ன மாதிரி இல்லை. வாசல்ல வந்ததிலிருந்து ஏனோ கால் உள்ளே போகமாட்டேங்குது. கிழட்டு பயம்!"

"பயப்படாதீங்க ஐயா. நானே சட்டி சட்டியா பார்த்துட்டேன்" என்றது மருதி.

சவ்வாது ஓடி வந்தது. "கால் முடியாதவர் இந்தக் கூட்டத்தில் எப்படி உட்காருவார்? உள் அறை இருக்கு ஐயா. குளுமையா இருக்கும். ஒரு நேரத்தில் ஒருத்தருக்குத்தான் இடம். மரியாதையா கவனிப்போம்!"

பாறையில் ஒரு பிளவு இருந்தது. அதன் வாயில் கொடிகள் திரைபோலத் தொங்கின. கேளையாடு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனது.

"இந்த அம்மாவுக்கும் உள் அறைதான்" என்று பூளையின் வயிற்றைப் பார்த்துச் சொன்னது சவ்வாது. "வாயும் வயிறுமா இருக்கிறவங்க நெரிசல்ல இடிபடக்கூடாது. ஐயா முடிச்சதும் நீ போகலாம்."

"பார்த்தியா!" என்று மருதியின் விலாவில் இடித்தது பூளை. "உன்கூட இத்தனை நாள் வந்திருக்கேன், எங்கேயாவது எனக்கு இந்த மரியாதை கிடைச்சிருக்கா?"

மருதிக்கு வெளியே வரிசையில் இடம் கிடைத்தது. ஒரு பக்கம் மலைபோல ஒரு காட்டெருமை. மறுபக்கம் ஒரு மந்திக் குடும்பம். சவ்வாது கிழங்கு மசியல் கொண்டுவந்து வைத்தது.

"நில்லுங்க" என்றது மருதி. "இது ஏன் பளபளன்னு இருக்கு? நெய்யா?"

காட்டெருமை உரக்கச் சிரித்தது. "ஆரம்பிச்சுட்டா!"

சவ்வாது முகம் சுளிக்கவில்லை. மருதியின் இடத்தில் உட்கார்ந்தது. தலையைக் குனிந்து இலையிலிருந்து ஒரு வாய் மசியலை நக்கியது. "இலுப்பை எண்ணெய், தாயி! போதுமா?"

"போதும்."

மசியல் அருமையாக இருந்தது. இரண்டாவது வாய் விழுங்கும்போது சவ்வாது மறுபடியும் வந்தது. "உள் அறை காலி! அம்மா வரலாம்."

"அதுக்குள்ளேயா?" என்றது மருதி. "கேளையாட்டு ஐயா முடிச்சுட்டாரா?"

"திருப்தியா முடிச்சுட்டு, பின்வாசல் வழியா ஓடைக்கு வாய் கொப்பளிக்கப் போயிட்டார்."

நொண்டிக் காலோடு இத்தனை வேகமா என்று ஒரு நினைப்பு மருதிக்கு வந்தது. ஆனால் பூளை அதற்குள் துள்ளிக் குதித்து எழுந்துவிட்டது.

"போயிட்டு வரேன்டி! பாயசம் நல்லா இருந்தா வந்து சொல்றேன். உனக்குக் கொண்டுவர மாட்டேன்!"

கொடித் திரை விலகியது. மூடியது.

சிறிது நேரத்தில் பாறையின் பக்கவாட்டிலிருந்து ஓர் ஆமை வந்தது. சாப்பிட்ட இலைகளை எடுப்பது அதன் வேலை. முதுகில் ஒரே ஓர் இலை. மற்ற இலைகளையும் எடுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னாலுள்ள குழியில் போட வந்தது. மருதியின் அருகில் வரும்போது அந்த இலை ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் விழுந்தது.

இலை மடிக்கப்படவில்லை.

மருதி அதைப் பார்த்தது. இலையில் இலுப்பைப் பூப் பாயசம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஓரத்தில் சிவப்பாக ஒரு கறை.

கேளையாட்டுக் கிழவர் மடிக்க மறந்திருப்பாரா? பச்சைத் தோரணக் கடையில் பால்குடி மறக்காத குட்டிகூட இலையை மடிக்கும். அதுவும் பாயசத்தை யார் மிச்சம் வைப்பார்கள்?

"பெரியவரே, இந்த இலையில் என்ன சிவப்பு?" என்று கேட்டது.

ஆமை பதில் சொல்வதற்குள் புனுகு மணம் குப்பென்று வந்தது. பக்கத்தில் சவ்வாது நின்றது. அது புன்னகை மாறாமல் சொன்னது.

"தேக்கிலையைக் கசக்கினா சிவக்கும். குழந்தைக்குக்கூடத் தெரியுமே, தாயி! சாப்பிடு, சாப்பிடு. உள்ளே உன் தோழிக்குக் கூட்டு வைக்கணும், வரேன்."

கூட்டுச் சட்டியோடு அது திரைக்குள் போனது.

தேக்கிலை சிவக்கும்தான். கொழுந்தைக் கசக்கினால் சிவக்கும். ஆனால் தரையில் கிடந்தது முற்றிய இலை. மருதி காலால் அதன் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தது. பச்சையாகவே இருந்தது.

மருதி ஆமையின் பக்கம் குனிந்தது.

"பெரியவரே" என்றது. "உள்ளே யார் இருக்கிறது?"

ஆமை தலையை ஓட்டுக்குள் பாதி இழுத்துக்கொண்டது. "மெதுவா பேசு. அவனுக்குக் காது கூர்மை. நீ குரலை உயர்த்தினா அப்பவே பாய்ஞ்சுடுவான்."

"யாரு?"

"சிறுத்தை. உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே ஒரு பாறைத் திட்டு. அதிலே படுத்திருக்கான். புனுகு நெடியில அவன் வாடை உங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தான் அந்தப் பூனை."

சருகுமானுக்குப் பயம் வந்தால் ஓடத் தோன்றாது. சருகோடு சருகாக அசையாமல் நிற்கத்தான் தோன்றும். மருதியும் அப்படியே நின்றது.

"எப்போ... எப்போ பாய்வான்?"

"பாயசம் வைக்கும்போது. பாயசம் குடிக்கணும்னா தலையை நல்லாக் குனியணும் இல்லே? கழுத்து நீண்டு வரும். கேளையாடு எவ்வளவு உரக்கக் குரைக்கும், தெரியுமா? அந்தக் கிழவர் ஒரு சத்தம்கூடப் போடலை. திட்டு மேலே இழுத்துப் போட்டுக்கிட்டான்."

நானே சட்டி சட்டியா பார்த்துட்டேன். மருதிக்குத் தன் குரலே திரும்பக் கேட்டது. பயப்படாதீங்க ஐயா.

"இத்தனை நாள் ஏன் யாருக்கும் சொல்லலை?"

"என் ஓட்டைக் கடிக்க முடியலைன்னு என்னை இலை எடுக்க வச்சுக்கிட்டான். நானா ஓடித் தப்பிப்பேன்? பயம்மா, பயம். அதோட..." ஆமை கண்ணை மூடிக்கொண்டது. "யாரும் கேட்கலை. வந்தவங்க எல்லாரும் சாப்பாட்டைப் பத்தித்தான் கேட்டாங்க."

கொடித் திரை அசைந்தது. சவ்வாது வெற்றுச் சட்டியோடு வெளியே வந்தது. அடுக்களைக்குப் போய் மூங்கில் குருத்துப் பொரியல் எடுத்துக்கொண்டு திரும்பியது. திரைக்குள் மறைந்தது.

கூட்டு ஆயிற்று. பொரியல் போகிறது. அடுத்தது பாயசம்தான்.

மருதி யோசித்தது. கத்தினால் பூளை போய்விடும். காட்டெருமையிடம் ரகசியமாகச் சொல்லலாம். அது நம்பாமல் "என்னது, சிறுத்தையா!" என்று முழங்கினால்? அப்போதும் பூளை போய்விடும். பூளையும், மூன்றோ நான்கோ குட்டிகளும்.

உள்ளிருந்து பூளையின் குரல் கேட்டது. "பொரியல் பிரமாதம்! பாயசத்தைச் சீக்கிரம் கொண்டுவாங்க!"

"இதோ வந்துட்டேன் தாயி!"

சவ்வாது பாயசப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தது. மருதியைத் தாண்டியது. திரைக்கு இன்னும் ஆறு அடி. ஐந்து அடி.

மருதி எழுந்தது. நான்கு கால்களும் கிடுகிடுவென்று நடுங்கின. ஆனால் வாய் மட்டும், வாழ்நாளெல்லாம் பழகிய வாயாயிற்றே, வழக்கமான குரலில் பேசியது.

"சவ்வாதண்ணே! அங்கேயே நில்லுங்க! அந்தப் பாயசத்தில் எனக்கு ஒரு சந்தேகம்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த மந்திகள் சிரித்தன. "கேள்விக்காரி விடமாட்டா!"

சவ்வாது திரும்பியது. முதல் முறையாக அதன் புன்னகை கொஞ்சம் கோணலாகியது. "என்ன தாயி இது? அடுக்களையில பார்த்தியே!"

"பார்த்தேன். இப்போ சந்தேகம் வந்துடுச்சு. முறைன்னு ஒண்ணு இருக்கு இல்லே?"

"சரி, சரி. இங்கேயே ஒரு வாய் குடிச்சுடறேன்."

"இங்கே இல்லைண்ணே. யாருக்குப் பரிமாறப் போனீங்களோ அவங்க இலையில. அவங்க இடத்தில உட்கார்ந்து."

சவ்வாதின் மீசை துடித்தது. "அறை சின்னது. இரண்டு பேருக்கு இடம் போதாது."

"அவளை வெளியே வரச் சொல்றேன்."

"அந்த அம்மாவை எதுக்குச் சிரமப்படுத்தணும்? எல்லாம் சுத்தமான..."

"ஏம்ப்பா" என்றது காட்டெருமை, மென்றுகொண்டே. "முறைப்படிதானே கேட்கிறா? செஞ்சுட்டுப் போ. எனக்கும் பாயசம் வரணும்."

மருதி திரையின் அருகில் போனது. போகக்கூடாது, போகக்கூடாது என்று உடம்பின் ஒவ்வொரு மயிரும் சொன்னது. போனது.

"பூளை, கொஞ்சம் வெளியே வா."

"மருதி! ஏன்டி உயிரை வாங்குறே? நான் வரமாட்டேன்!" என்றது உள்ளிருந்து பூளையின் குரல். "இங்கே எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா? தலைக்கு மேலேயிருந்து வெதுவெதுன்னு காத்து வருது. யாரோ விசிறுற மாதிரி, விட்டு விட்டு வருது!"

அந்தக் காற்று என்னவென்று மருதிக்குப் புரிந்தது. திரைக்குள் இருட்டில், பூளையின் காதுகளுக்கு ஒரு முழம் மேலே, ஒரு வாய் திறந்திருக்கிறது.

ஓடு என்று சொல்ல முடியாது. உண்மையைச் சொல்ல முடியாது. பூளைக்குப் பிடித்தது எதுவோ அதைத்தான் சொல்ல முடியும்.

"சரி, நீ அங்கேயே இரு" என்றது மருதி. "பாயசப் பானை இங்கேதான் இருக்கு. காட்டெருமை மாமா முழுசையும் கேட்கிறார். வந்தா முதல் கரண்டி உனக்கு. வரலைன்னா வழிச்சு நக்கக்கூட மிஞ்சாது."

உள்ளே இலை சரசரத்தது.

பிறகு ஒரு குதி. இன்னொரு குதி. கொடித் திரை ஆடியது. பூளையின் மூக்கு வெளியே வந்தது. அடுத்து காதுகள். அதன்பின் வட்ட வயிறு.

"எங்கே பானை?" என்றது பூளை.

மருதி தோழியைத் தள்ளிக்கொண்டுபோய்க் காட்டெருமையின் முன்னங்கால்களுக்கு நடுவில் நிறுத்தியது. அதன் பிறகுதான் மூச்சு விட்டது.

"இப்போ இடம் காலியா இருக்குண்ணே" என்றது. இப்போது அதன் குரல் நடுங்கியது. மறைக்கவும் இல்லை. "உள்ளே போய் உட்காருங்க. நல்லாத் தலையைக் குனிஞ்சு, ஒரே ஒரு வாய் குடிங்க."

சவ்வாது அசையவில்லை.

"போயேன்ப்பா!" என்றது காட்டெருமை. எழுந்து நின்று, தலையை நீட்டித் தன் மூக்கால் சவ்வாதின் முதுகில் லேசாக ஒரு தள்ளு தள்ளியது. சவ்வாது திரையின் ஓரம் வரை சறுக்கிப் போனது. இருட்டிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு மூச்சு அதன் முகத்தில் பட்டது.

பானை கை நழுவி விழுந்து உடைந்தது. பாயசம் பாறையில் வழிந்தோடியது.

"என்னை உள்ளே தள்ளாதீங்க!" என்று வீரிட்டது சவ்வாது. "அவன் யாருன்னு பார்க்க மாட்டான்! யார் குனிஞ்சாலும் பாய்ஞ்சுடுவான்! ஐயோ, அவன் இன்னும் பசியோட இருக்கான்!"

மந்திகளின் கையிலிருந்த உருண்டைகள் கையிலேயே நின்றன.

அப்போது திரைக்குப் பின்னால் கனமாக ஏதோ தொப்பென்று குதித்தது. உறுமல் ஒன்று பாறையே பிளப்பதுபோல எழுந்தது. கொடிகள் அறுந்து விழுந்தன. இருட்டில் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன.

மந்திகள் அலறிக்கொண்டு மரமேறின. மலையணில்கள் கரண்டியைப் போட்டுவிட்டு மறைந்தன. காட்டெருமை மட்டும் ஓடவில்லை. தலையைத் தாழ்த்திக் கொம்புகளைப் பிளவுக்கு நேராக நீட்டியது. காலால் மண்ணைக் கிளறியது. சிறுத்தை கொம்புகளைப் பார்த்தது. அந்தக் கால்களுக்கு நடுவில் ஒடுங்கியிருந்த இரண்டு சிறிய உருவங்களைப் பார்த்தது. கொஞ்சம் அதிகமாகவே பார்த்தது. பிறகு பின்வாசல் வழியாகப் பாய்ந்து போய்விட்டது. அதற்கு முன்பே சவ்வாது எந்தப் பக்கம் ஓடியது என்று யாருக்கும் தெரியவில்லை. புனுகு மணம் மட்டும் நெடுநேரம் நின்றது.

பூளை காட்டெருமையின் கால்களுக்கு நடுவிலிருந்து வெளியே வரவில்லை. "அந்தக் காத்து..." என்றது. "மருதி, அந்தக் காத்து..."

"பேசாதே" என்றது மருதி. "மூச்சை இழுத்து விடு. குட்டிகளுக்கு ஆகாது."

ஆமை தரையில் கிடந்த இலையை முதுகில் ஏற்றிக்கொண்டு மெல்லப் பாறைக்குப் பின்னால் போனது. மருதியும் கூடவே போனது. அங்கே ஒரு குழி இருந்தது. குழியின் ஒரு பக்கம் மடித்த இலைகள் மலைபோலக் கிடந்தன. மறுபக்கத்தில் மடிக்காத இலைகள். பதினோரு இலைகள். பத்து காய்ந்து சுருண்டிருந்தன. ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது. ஆமை அப்போது கொண்டுவந்து போட்டது அது.

மருதி குழிக்குள் இறங்கியது. அந்தப் பச்சை இலையின் முன்னால் நின்றது.

"நான் பார்த்துட்டேன்னு சொன்னேனே ஐயா" என்றது. இலையை மெதுவாக மடித்து வைத்தது. பிறகு காய்ந்த இலைகளையும், நொறுங்கிவிடாமல், ஒவ்வொன்றாக மடித்தது. பூளை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது ஒரு கேலியும் பேசவில்லை.

இருவரும் வெயில் சாயும் முன் முட்புதர்க் காட்டுக்குக் கிளம்பினார்கள். பத்து நாள் கழித்துப் பூளை நான்கு குட்டிகளைப் போட்டது. காய்ந்த புல்லைத் தின்றுதான் அவற்றுக்குப் பால் கொடுத்தது. புல் குமட்டுவதாக ஒரு நாளும் சொல்லவில்லை.

மருதி மறுபடியும் பட்டணத்துக்குப் போகத்தான் செய்தது. பச்சைத் தோரணத்தைக் கண்டால் இப்போதும் அதன் கால்கள் கொஞ்சம் நடுங்கும். பால், முட்டை, தேன் என்ற மூன்று கேள்விகளையும் விடாமல் கேட்கும். ஆனால் அவற்றை அடுக்களையில் கேட்பதற்கு முன்னால், நேரே இலை எடுப்பவரிடம் போகும். "இங்கே சாப்பிட்டவங்க எல்லாரும் இலையை மடிச்சுட்டுப் போனாங்களா?" என்று கேட்கும். பதில் வரும்வரை, யாருக்கும் எந்தக் கடையையும் நல்ல கடை என்று சொல்லாது.

தட்டில் இருப்பது தூயதா என்று எவ்வளவு கவனமாகப் பார்க்கிறோமோ, அதைக் கொடுப்பவரின் எண்ணம் தூயதா என்றும் அவ்வளவு கவனமாகப் பார்த்த பிறகே நாமும் நம்ப வேண்டும், பிறரையும் நம்பச் சொல்ல வேண்டும்.